மூன்றாவது எழுத்தைப் பார்

தானா ராத்தா, பகாங்
9 மார்ச் 2025

அன்புள்ள மலர்,

சித்தப்பா எழுதுகிறேன். மழை விட்டபாடில்லை. சித்தி உனக்கென்று தேயிலை கட்டி வைத்திருக்கிறாள். ஆள் வரும்போது கொடுத்தனுப்புகிறோம்.

உன் அப்பா நேற்று போனில் விஷயத்தைச் சொன்னார். ஜூலையில் நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தி இருவரையும் கூட்டிக்கொண்டு மியூனிக்கில் இறங்கி, அங்கேயே காடி எடுத்து, ஆஸ்திரியா, இத்தாலி, வெனிஸ் என்று சுற்றிவிட்டு மறுபடி மியூனிக்கிலேயே விடப் போகிறீர்களாம். மேனுவல் எடுத்தால் வாடகை நன்றாகக் குறைகிறது, மாப்பிள்ளையே முழுக்க ஓட்டிவிடுவார், ஆட்டோவுக்கு எதற்குக் கூடுதல் காசு என்று வீட்டில் பேச்சாம். "நீ அங்கே ஓட்டிவிட்டு வந்தவன், பிள்ளைக்கு நாலு வரி எழுதிப் போடு" என்றார். குரல் பதிவாக அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுவாய். அதனால்தான் கடிதம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டோவே எடு. கூடுதல் காசைக் கணக்குப் பார்க்காதே. ஆனால் ஆட்டோ எடுத்துவிட்டதால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று மட்டும் நினைத்துவிடாதே.

கேமரன் மலையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது மாப்பிள்ளைக்கு வேடிக்கையாக இருக்கும். இன்றைக்கும் பிரிஞ்சாங், கம்போங் ராஜா பக்கம் பழைய லேண்ட் ரோவரில்தான் கோஸும் தக்காளியும் மூட்டை மூட்டையாக இறங்குகின்றன. எல்லாம் மேனுவல். உன் தாத்தா தோட்டத்து லோரி ஓட்டியவர். ஆட்டோ காடியைக் காடி என்றே ஒத்துக்கொள்ளாதவர். அந்தப் பெருமையெல்லாம் நம் ரோட்டில் இருக்கட்டும். அங்கே நிலைமை வேறு.

முதல் காரணம் உன் லைசன்ஸ். உன்னுடையது டிஏ. ஆட்டோ ஓட்ட மட்டும் அனுமதி. ஊர் மாறினால் அந்தக் கட்டுப்பாடு போய்விடாது. ஐரோப்பிய லைசன்ஸிலும் இதே கட்டுப்பாடு உண்டு. அங்கே 78 என்ற எண்ணைப் போட்டுக் காட்டுவார்கள். கவுண்டரில் இருப்பவர் டிஏ என்பதைக் கவனிக்காமல் மேனுவல் சாவியைக் கொடுத்தாலும், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் கவனிப்பார். மேனுவல் எடுத்தால் அந்தப் பயணம் முழுக்க ஓட்டுநர் ஒரே ஒருவர்தான். ஆல்ப்ஸ் மலையில் நாள் முழுக்க வளைந்து வளைந்து ஓட்டி மாப்பிள்ளைக்குக் கண் சொருகினால், பின்னால் இருக்கும் மாமனாரா ஓட்டப் போகிறார்? ஆட்டோ எடுத்து, இரண்டு பேர் பெயரையும் ஓட்டுநராக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது ஓட்டுநருக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் கேட்பார்கள். கொடு. பெயர் எழுதாத ஆள் ஸ்டீயரிங்கைத் தொட்டால் இன்சூரன்ஸ் இல்லை என்று வைத்துக்கொள்.

இரண்டாவது காரணம் மாப்பிள்ளைக்கு. அவருடையது டி லைசன்ஸ், மேனுவல் ஓட்டலாம், சரி. ஆனால் எடுத்த நாளிலிருந்து ஓட்டுவதெல்லாம் பெரோடுவா மைவி ஆட்டோ. அங்கே சாலையின் வலப்பக்கம் போக வேண்டும், ஸ்டீயரிங் இடப்பக்கம். கிளச் பழையபடி இடது காலுக்கு, கியர் மட்டும் வலது கைக்கு. இதோடு ஒரு சில்லறைத் தொல்லையும் உண்டு. நம் பெரோடுவா, டொயோட்டா, ஹோண்டாவில் சிக்னல் தண்டு ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம், வைப்பர் இடப்பக்கம். அங்கே மாற்றி இருக்கும். சிக்னல் போடப் போனால் வெயிலில் வைப்பர் ஓடும். சிரிக்கத்தான் தோன்றும், ஆனால் மெர்சிடிஸ் கொடுத்துவிட்டார்கள் என்றால் சிரிக்க முடியாது. பல மெர்சிடிஸ் கார்களில் வலப்பக்கத் தண்டுதான் கியர். பழக்க தோஷத்தில் சிக்னல் என்று அதைத் தட்டினால் ஓடும் காடி நியூட்ரலுக்குப் போகலாம். இத்தனையும் புதிதாகப் பழக வேண்டிய முதல் நாளில் கிளச்சையும் சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். நீ வாடகையில் கூடுதலாகக் கொடுக்கும் காசு காலுக்குச் சொகுசு வாங்குவதற்கு அல்ல. ரோட்டில் வைக்க வேண்டிய கவனத்தை வாங்குவதற்கு.

சரி, எப்படி எடுப்பது?

ஐரோப்பாவில் நீண்ட காலமாக மேனுவல்தான் வழக்கம். ஹைபிரிட்டும் மின்சாரக் காரும் வந்த பிறகு இது மாறிக்கொண்டு வருகிறது. ஆனாலும் வாடகைக் காடிகளில், அதுவும் சின்ன, மலிவான வகையில், கேட்காவிட்டால் மேனுவல் வரத்தான் வாய்ப்பு அதிகம். கவுண்டரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜூலை அங்கே பல இடங்களில் பள்ளி விடுமுறைக் காலம், ஆட்டோ காடிகள்தான் முதலில் தீரும். சின்ன ஊர்க் கிளையில் ஆட்டோ ஒன்றோ இரண்டோ நின்றால் பெரிது. ஞாயிற்றுக்கிழமை கிளையே மூடியிருக்கும். நீங்கள் மியூனிக் விமான நிலையத்தில் எடுப்பது நல்லதாகப் போயிற்று.

முன்பதிவுத் தாளில் ஒரு காரின் படமும் பெயரும் போட்டு, "அல்லது அதுபோன்றது" என்று இருக்கும். அந்தப் பெயருக்கு உத்தரவாதம் கிடையாது. பக்கத்தில் நான்கு ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பார். சி-டி-எம்-ஆர், சி-டி-ஏ-ஆர் என்கிற மாதிரி. வாடகைக் கம்பெனிகள் பலவும் பொதுவாக வைத்துக்கொண்டிருக்கும் குறியீடு அது. முதல் எழுத்து காடியின் அளவு, இரண்டாவது உடல் வகை, மூன்றாவது கியர், நான்காவது எரிபொருளும் ஏர்கோனும். உனக்கு வேண்டியது மூன்றாவது எழுத்து. எம், என், சி என்று இருந்தால் மேனுவல். ஏ, பி, டி என்று இருந்தால் ஆட்டோ. நீ பணம் கட்டுவது அந்த எழுத்துக்குத்தான். அந்தத் தாளை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்.

இன்னொன்று. ஆட்டோ தீர்ந்துபோனால் சில சமயம் "மேல் வகை தருகிறோம்" என்று பெரிய காடியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு கேள்வி கேள்: "இதை இத்தாலிக்குள் கொண்டுபோகலாமா?" விலை உயர்ந்த சில ஜெர்மன் காடிகளை இத்தாலிக்குள் விட சில கம்பெனிகள் சம்மதிப்பதில்லை. எந்தெந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடு.

ஆட்டோவிலும் பல வகை. ஐரோப்பியச் சின்னக் காடிகளில் நிறைய இரட்டைக் கிளச் ஆட்டோ. உள்ளே கிளச் இருக்கிறது, மிதிப்பது மட்டும் நீ இல்லை. மேட்டில் டிராபிக்கில் நிற்கும்போது எண்ணெயை லேசாக மிதித்துக் காடியைத் தாங்கிப் பிடிக்காதே, கிளச் சூடேறும். பிரேக்கை மிதித்து நில். பழைய சின்னக் காடிகள் சிலவற்றில் மேனுவல் கியர்பெட்டியையே இயந்திரம் மாற்றும். நம் ஊர் புரோட்டான் சவ்வியில் இருந்ததே, அந்த வகை. கியர் மாறும்போது ஒரு குலுக்கல் குலுக்கும், பயப்படாதே. டொயோட்டா ஹைபிரிட் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு. சிக்னலில் நின்றவுடன் எஞ்சின் அணைந்தால் அது கோளாறில்லை, இன்றைய காடிகளின் வழக்கம்.

இனிதான் நான் உண்மையில் எழுத வந்த விஷயம். மலையிறக்கம்.

நீங்கள் போகும் வழியில் குரோஸ்குளொக்னர் மலைச் சாலை வரும். 1935-இல் திறந்தது. 48 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவு. ஹோக்டோர் என்ற இடத்தில் 2,504 மீட்டர் உயரத்தைத் தொட்டு, தெற்கே ஹைலிகன்புளூட் பக்கம் இறங்கும். தனிக் கட்டணம் உண்டு, இரவில் மூடிவிடுவார்கள். அவ்வளவு அழகு. அந்த அழகைப் பார்த்துக்கொண்டே டி-யில் போட்டு, பிரேக்கில் காலை வைத்தபடி இறங்குவதுதான் ஆபத்து.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்தவன், ஒரு கணக்குப் போடாமல் விடமாட்டேன். ஒன்றரை டன் காடி ஒன்று தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்குகிறது. உயரம் ஏறத்தாழ 1,400 மீட்டர் குறைகிறது. அந்த உயரத்தில் சேர்ந்திருந்த சக்தி எங்காவது போயாக வேண்டும். காற்றும் டயரும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். மீதி வெப்பமாக மாறும். மொத்தத்தையும் சேர்த்தால் சுமார் 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். இதில் பெரும்பகுதியை நான்கு சக்கரத்துப் பிரேக்கின் தலையில் கட்டினால், பட்டைகள் சூடேறிப் பிடிமானம் குறையும். பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டால், மிதித்த கால் தரையோடு போய் ஒட்டும். நான்கு பேரும் நான்கு பெட்டியும் ஏறிய காடி ஒன்றரை டன்னோடும் நிற்காது. 2013 ஆகஸ்டில் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் போனார்களே, அந்தச் செய்தியை மலையில் வாழும் நாங்கள் யாரும் மறக்கவில்லை.

உன் தாத்தா சொல்வார்: "எந்தக் கியரில் ஏறினாயோ, அதே கியரில் இறங்கு." லோரி ஓட்டிய எல்லாரும் சொன்ன வார்த்தைதான். வேகத்தைப் பிடித்து நிறுத்தும் வேலையை எஞ்சினிடம் கொடு, பிரேக்கை அவசரத்துக்கு வை என்பது அதன் பொருள். நம் மலைச் சாலைகளிலும் "குனாக்கான் கியர் ரெண்டா" (கீழ் கியரைப் பயன்படுத்து) என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டும் பலர் அது மேனுவல்காரருக்கு எழுதியது என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். உண்மையில் அவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை. மேனுவல்காரருக்குக் கியர் குறைப்பது கைப்பழக்கம். ஆட்டோ டி-யில் கிடந்தால், எண்ணெய் மிச்சம் பிடிக்க உயர்ந்த கியரில் வழுக்கிக்கொண்டு போகவே பார்க்கும். சில புதுக் காடிகள் இறக்கத்தை அறிந்து தாமாகக் குறைத்துக்கொள்ளும். அதை நம்பி உட்காராதே.

அதனால் சாவி வாங்கியதும், காடி நிற்கும் இடத்தை விட்டு நகர்வதற்கு முன், கவுண்டர் ஆளிடம் இதைக் கேள்: "இந்தக் காடியில் கீழ் கியரை எப்படிப் பிடிப்பது?" சிலதில் தண்டில் எம் என்று இருக்கும், அங்கே தள்ளிவிட்டுக் கூட்டல், கழித்தல் குறியால் மாற்ற வேண்டும். சிலதில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்பு. கழித்தல் குறி போட்டதை இழுத்தால் கியர் இறங்கும். எல் அல்லது எஸ் என்று இருப்பதும் உண்டு. டொயோட்டா ஹைபிரிட்டில் பி என்று இருக்கும். அது இறக்கத்துக்கென்றே வைத்தது. வளைவுக்கு முன் நேர்ச்சாலையில் பிரேக்கை ஒருமுறை அழுத்தி மிதி, வேகம் குறைந்ததும் விட்டுவிடு. லேசாக மிதித்தபடியே கிலோமீட்டர் கணக்கில் போகாதே. நியூட்ரல் பக்கமே கை போகக்கூடாது. கருகின வாடை வந்தால் அடுத்த ஒதுக்குப்புறத்தில் நிறுத்தி அரைமணி நேரம் மலையைப் பாருங்கள். பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழி விடு, அவர் போகட்டும்.

மின்சாரக் காடி கொடுத்தால் அதுவும் ஆட்டோதான். இறக்கத்தில் மோட்டாரே காடியைப் பிடித்து, அந்தச் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் மலை உச்சியில் தங்கி, நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதே. நிறைந்த பேட்டரியில் போட இடமிருக்காது; பிடிப்பு குறைந்து சுமை மறுபடி பிரேக்குக்கு வரும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேரும். அது தனியாகச் செல்லாது, மலேசிய லைசன்ஸோடு சேர்த்துத்தான் செல்லும். இங்கே எல்லாரும் மைஜேபிஜே செயலியைக் காட்டிப் பழகிவிட்டோம். அங்கே அட்டையைக் கேட்பார்கள். முன்பதிவில் முதல் ஓட்டுநர் யாரோ, அவர் பெயரில் கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். முன்பணத்துக்கு ஒரு தொகையை அதில் பிடித்து வைப்பார்கள், டெபிட் கார்டைப் பல இடங்களில் வாங்கமாட்டார்கள். இன்சூரன்ஸ் தாளில் விபத்து நடந்தால் உன் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு, டயர், கண்ணாடி, அடிப்பாகம் சேர்ந்திருக்கிறதா என்று பார். காடியை எடுக்கும்போதும் விடும்போதும் சுற்றி வந்து வீடியோ எடு.

எண்ணெய் நிலையத்தில் நிறத்தை நம்பாதே. நம் ரோன்95 மஞ்சள் குழாய் அங்கே பேசாது. 2018 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஒரு பொது ஒட்டு வந்துவிட்டது: வட்டத்துக்குள் எழுதியிருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் எழுதியிருந்தால் டீசல். எண்ணெய் மூடியின் உட்புறம் என்ன வடிவமோ, குழாயிலும் அதே வடிவம் இருக்க வேண்டும்.

ஆஸ்திரியாவின் நெடுஞ்சாலைக்கு வின்யெட் என்ற சாலைக் கட்டணச் சீட்டு வேண்டும், பத்து நாளுக்கு ஒன்று வாங்கலாம். ஜெர்மன் எண் போட்ட வாடகைக் காடியில் அது இருக்கும் என்று எண்ணிக்கொள்ளாதே, எல்லைக்கு முன்பே கேட்டு வாங்கிவிடு. பிரென்னர் கணவாய் வழியாகத் திரும்பினால் அந்தப் பகுதிக்குத் தனி டோல். இத்தாலியில் டிக்கெட் எடுத்து, இறங்கும் இடத்தில் கட்டுவது வழக்கம். மஞ்சளில் டெலிபாஸ் என்று மட்டும் எழுதிய பாதையில் நுழையாதே, கருவி வைத்திருப்பவர்களுக்கானது அது.

இத்தாலியப் பழைய நகரங்களின் நடுவே இசட்-டி-எல் என்ற பகுதி உண்டு. அனுமதி இல்லாத காடி நுழைந்தால் கேமரா பிடிக்கும். மாதக்கணக்கு கழித்து அபராதச் சமன் வீடு தேடி வரும், வாடகைக் கம்பெனி தன் பங்குக்கு ஒரு கட்டணத்தைக் கார்டில் எடுக்கும். ஓட்டல் அந்தப் பகுதிக்குள் இருந்தால் முன்கூட்டியே காடி எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல். வெனிஸில் காடிக்கு வேலையே இல்லை. தொரொன்கெத்தோவிலோ மெஸ்த்ரேயிலோ நிறுத்திவிட்டுப் போங்கள்.

பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழி விட வேண்டும். மஞ்சள் சாய்சதுரப் பலகை இருந்தால் முன்னுரிமை உன் சாலைக்கு. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நெடுஞ்சாலையில் டிராபிக் நின்றுபோனால், இடக்கோடியில் இருப்பவர்கள் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும், மற்றவர்கள் எல்லாம் வலப்பக்கம். நடுவில் ஆம்புலன்ஸ் போக வழி கிடைக்கும். இது மரியாதைக்காக அல்ல, சட்டம். வலப்பக்கம் ஓட்டும்போது தப்பு நேர்வது கூட்டத்தில் அல்ல. காலையில் ஓட்டலிலிருந்தோ எண்ணெய் நிலையத்திலிருந்தோ வெறிச்சோடிய சாலைக்கு ஏறும்போது. பின்தொடர முன்னால் காடி இருக்காது. நடுக்கோடு எப்போதும் ஓட்டுபவர் உட்கார்ந்திருக்கும் பக்கம் இருக்க வேண்டும். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாருங்கள், "வலப்பக்கம், வலப்பக்கம்" என்று. சம்பந்தி அம்மாளுக்கு அந்த வேலையைக் கொடுத்தால் இன்னும் சிறப்பாகச் செய்வார்.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. மேனுவல் ஓட்டத் தெரிந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை என்று நான் சொன்னதாகச் சொல். புறப்படுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் உங்கள் மைவியிலேயே சிம்பாங் பூலாய் வழியாக ஏறி வாருங்கள். சித்தி சமைத்து வைப்பாள். மறுநாள் காலை ரிங்லெட், தாப்பா வழியாக இறங்குவோம். நான் பக்கத்தில் உட்காருகிறேன். பாதித் தூரம் அவர் ஓட்டட்டும், பாதித் தூரம் நீ ஓட்டு, முழுக்கக் கீழ் கியரில். தாப்பா போய்ச் சேரும்போது பிரேக் பழக்கம் சரியாகிவிடும்.

அதற்குத் தேதி பிறகு பார்க்கலாம். காடியை இந்த வாரமே புக் செய்துவிடு. ஜூலைக்கு ஆட்டோ காத்துக்கொண்டிருக்காது.

அன்புடன்,
சித்தப்பா